ஒரு வார்டு கவுன்சிலர் தனியாக நின்றால் என்ன ஆகும்? – கேள்வி பதில்

உள்ளாட்சி பற்றி பெங்களூருத் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என்னால் ஆன பதில்கள் இங்கே.

அல்சூரிலிருந்து ஒரு தங்கை: அமெரிக்காவுல கவுன்சிலர்களே ஒண்ணா சேர்ந்து இன நீதி, பொருளாதார நீதின்னு வேலை செய்றாங்களாமே, அது என்னக்கா?

‘லோக்கல் ப்ராக்ரஸ்’ என்று பெயர், 2012-இல் தொடங்கியது. நகர மன்றங்களிலும் பள்ளிக் குழுக்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இதில் இருக்கிறார்கள். ஓர் ஊரில் நிறைவேறிய சட்ட வரைவும், அதற்கு வந்த எதிர்ப்பை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதும் அடுத்த ஊர் உறுப்பினரின் கைக்குப் போய்ச் சேரும். இது சின்ன விஷயமில்லை. புதிதாக ஜெயித்து வரும் கவுன்சிலருக்கு ஆலோசகரும் கிடையாது, வக்கீலும் கிடையாது. கமிஷனர் “சட்டத்தில் இடமில்லை” என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்து ஊர் அதையே செய்து முடித்திருக்கிறது என்று காட்ட முடிந்தால்தான் அவரால் பேச முடியும்.

ஊருக்கு ஊர் பரவுவது எப்படி என்பதற்குக் கூலிச் சட்டம் ஓர் உதாரணம். சியாட்டில் பக்கத்திலுள்ள சீடாக் என்ற சிற்றூர் 2013 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி மணிக்கு 15 டாலர் கூலியை ஏற்றது. அடுத்த ஜூனில் சியாட்டில் நகர மன்றம் அதே தொகைக்குச் சட்டம் போட்டது. இதற்கெல்லாம் முன்பே, 2012-இலிருந்து, துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். தெருவில் அந்தப் போராட்டம் இல்லாமல் மன்றத்தில் அந்தத் தீர்மானம் வந்திருக்காது.

மர்ஃபி டவுன் தம்பி: மேல இருக்கிற மாநில அரசு தடுத்தா?

தடுத்திருக்கிறார்கள். அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள நகரம். அந்நகர மன்றம் குறைந்தபட்சக் கூலியை 10.10 டாலராக உயர்த்தியது. வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த மாநிலச் சட்டமன்றம் 2016 பிப்ரவரியில், எந்த நகரமும் தனியாகக் கூலி நிர்ணயிக்கக் கூடாது என்று அவசர அவசரமாகச் சட்டம் போட்டது. நாடு முழுதுக்கும் மத்திய அரசு நிர்ணயித்த 7.25 டாலர் கூலியே தொடர்ந்தது. இது இனப் பாகுபாடு என்று தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் சிறு அமர்வு ஒன்று வழக்கை நடத்தலாம் என்றது. 2019-இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு தள்ளுபடி செய்துவிட்டது. நிறமும் கூலியும் தனித்தனிப் பிரச்சினை அல்ல என்று எனக்குப் புரியவைத்தது இந்த வழக்குதான்.

சிவாஜிநகர் அண்ணன்: நம்ம ஊர்ல நிறவெறியே இல்லையே, இது நமக்கு எதுக்கு?

சாதி இருக்கிறதே அண்ணா. விடியற்காலையில் நம் தெருவைக் கூட்டும் பௌரகார்மிகர்களில் (துப்புரவுத் தொழிலாளர்களில்) பெரும்பாலோர் தலித் பெண்கள். 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரம் சியாட்டில். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்த க்ஷமா சாவந்த் மும்பையில் வளர்ந்தவர். அங்கேயே சாதியைப் பேசும்போது நாம் பேசாமல் இருக்கலாமா?

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு பௌரகார்மிகரின் மகள்: அம்மாவுக்கு வேலை நிரந்தரம் ஆச்சு. அப்போ கவுன்சிலரே கிடையாது. இனிமே கவுன்சிலர் எதுக்கு மேடம்?

நியாயமான கேள்வி. பெங்களூரு மாநகராட்சியாக இருந்த பிபிஎம்பி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள். 2022 வேலைநிறுத்தமும், 2025 மே தினத்தன்று வந்த நிரந்தர ஆணையும் முழுக்க முழுக்க உங்கள் அம்மா போன்றவர்களின் சங்கம் சாதித்தவை. அந்தப் பெருமையில் எந்தக் கவுன்சிலருக்கும் பங்கில்லை.

ஆனால் குப்பை ஆட்டோ ஓட்டுபவர்கள், ஏற்றுபவர்களில் பலர் இன்னும் ஒப்பந்தக்காரரிடம்தான் இருக்கிறார்கள். டெண்டரில் என்ன நிபந்தனை, சம்பளம் எந்தத் தேதியில், பி.எஃப். கட்டினார்களா என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஆள் வேண்டும். இப்போது நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து, 369 வார்டுகள் ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே ஜிபிஏ என்ற கிரேட்டர் பெங்களூரு ஆணையம், அதன் தலைவர் முதலமைச்சர். கிழக்கில் ஒரு நிபந்தனை, மேற்கில் வேறு என்றால் ஒப்பந்தக்காரருக்குக் கொண்டாட்டம். ஐந்து மன்றங்களிலும் ஒரே மாதத்தில் ஒரே தீர்மானம் வந்தால்தான் முதலமைச்சர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கவுன்சிலர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அக்கா, நீலசந்திரா: போலீஸ் வந்து எடு எடுன்னு விரட்டுறாங்க.

2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மற்ற வண்டிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய் இதை எழுத்தில் கேளுங்கள்.

லிங்கராஜபுரம் ஐயா: தமிழ்க் கவுன்சிலர்கள் மட்டும் தனியா ஒரு அணி அமைக்கலாமா?

வேண்டாம் ஐயா. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் நம் குடிசைப் பகுதிகள் பட்டது எனக்கும் மறக்கவில்லை. ஆனால் உங்கள் தெருவைக் கூட்டும் அம்மா தெலுங்கு பேசுவார், பக்கத்து வண்டிக்காரர் உருது பேசுவார். கன்னடத்தில் தீர்மானம் எழுதி எல்லோரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

விவேக்நகரிலிருந்து ஒருவர்: கட்சி விடுமா மேடம்?

அமெரிக்காவில் பல நகரத் தேர்தல்களில் கட்சிச் சின்னமே கிடையாது. இங்கே 1987-ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டம் உள்ளாட்சியிலும் கட்சித் தாவலைத் தடுக்கிறது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகலாம். ஆனால் கேள்வி கேட்கவும், தகவல் பகிரவும், வேறு கட்சிக் கவுன்சிலரோடு சேர்ந்து தொழிலாளர் கூட்டத்துக்குப் போகவும் அதில் தடை இல்லை. ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வரும் வேட்பாளரிடம், “அப்படிப் போவீங்களா?” என்று வாசலிலேயே கேளுங்கள்.