வீட்டு ரீஃப் தொட்டியில் (பவளக் கல் வைத்த கடல் தண்ணித் தொட்டியில்) செர்பென்ட் ஸ்டார், பிரிட்டில் ஸ்டார் வளர்க்கலாமா? கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்குமாமே, உண்மையா?

வளர்க்கலாம். நடு உடம்பிலிருந்து ஐந்து நீளக் கை விரியும் கடல் பிராணிகள்தான் இவை. திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் எங்கள் வீட்டில் நாலடித் தொட்டி ஒன்றில் 2019இலிருந்து வளர்க்கிறேன். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதியை வாசித்ததும் எனக்குச் சுருக்கென்றது. கடைக்காரர் அப்படிச் சொல்லித்தான் உங்களுக்குக் காட்டியிருப்பார், எனக்கும் அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். அதை நம்பி, அந்த உயிரை ஒரு தும்புத்தடி மாதிரி நினைத்து, ஒன்றைச் சாகக் கொடுத்திருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். கை வழுவழுப்பாக, பாம்பு மாதிரி இருந்தால் கடையில் செர்பென்ட் ஸ்டார் என்பார்கள். கை முழுக்க முள் முள்ளாக இருந்தால் பிரிட்டில் ஸ்டார். இரண்டும் ஒரே கூட்டத்துச் சொந்தங்கள்தான், நட்சத்திர மீன் வேறு. நட்சத்திர மீன் அடியில் இருக்கும் குழாய்க் கால்களால் ஊர்ந்து போகும். இதுகள் கையையே துடுப்பு மாதிரி வீசி ஓடும், அந்த வேகத்தைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். பகலில் கல்லுக்கடியில் இருக்கும், கை நுனி மட்டும் வெளியே தெரியும். கண் என்று ஒன்று கிடையாது, ஆனாலும் டோர்ச் அடித்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நீங்கள் பார்த்து வைத்திருப்பது பச்சை நிறம் என்றால் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. அது இரவில் கைகளை ஊன்றி நடு உடம்பைத் தூக்கிக் கூடாரம் மாதிரி நிற்கும். சின்ன மீன் பொந்து என்று நினைத்து உள்ளே போய்ப் படுக்கும், உடம்பு அப்படியே இறங்கும், அவ்வளவுதான். நண்பர் ஒருவருடைய வீட்டில் கோபி என்கிற சின்ன மீன் இரண்டு இப்படித்தான் போனது. "என்னுடைய பச்சை மூன்று வருடமாக ஒன்றும் செய்யவில்லை" என்று யாராவது கீழே எழுத வருவீர்கள், தெரியும். வயிறு நிறையப் போட்டு வளர்த்திருப்பீர்கள், மீனும் பெரிதாக இருந்திருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2021இல் என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று கறுப்பு பிரிட்டில் ஸ்டார். மற்றது கையில் கபில நிறப் பட்டை பட்டையாக, நடுவில் பூப்போட்ட மாதிரி இருக்கும் செர்பென்ட் ஸ்டார், நடு உடம்பு பத்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிது. மகளுக்கு அதுதான் உயிர். கழிவைத் தின்னும் என்று சொன்னார்களே என்ற தைரியத்தில் நான் மீனுக்கு அள்ளி அள்ளிப் போட்டேன், மிச்சம் விழுந்தால் அது பார்த்துக்கொள்ளும் என்று. அது தின்னத்தான் செய்தது. ஆனால் தின்றது எங்கே போகும்? அதற்குத் தின்பதற்கும் கழிப்பதற்கும் ஒரே வாய்தான், மிச்சத்தைத் திரும்பத் தண்ணியில்தான் விடும். கழிவிலிருந்து வரும், பாசிக்கு உரமாகும் நைட்ரேட் ஏறிக்கொண்டே போனது. ஐப்பசிக்குள் கல்லெல்லாம் பாசி.

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. மழை விட்டு இரண்டாம் நாள் நல்ல வெயில், கடலும் கண்ணாடி மாதிரித் தெளிவு. நான் எப்போதும் கடல் தண்ணிதான் பாவிப்பேன், வீட்டிலிருந்து ஐந்து நிமிடம், உப்பு வாங்கிக் கரைக்கிற செலவு இல்லை. இரண்டு வருடமாக ஒரே இடம், ஒவ்வொரு தடவையும் உப்பு 1.025 காட்டும் (உப்பில்லாத தண்ணியை 1 என்று வைத்து ஒப்பிட்ட பாரம்), அதனால் ஒரு கட்டத்தில் அளப்பதையே விட்டுவிட்டேன். அன்றைக்கு முழங்கால் அளவு தண்ணியில் நின்று இருபது லீற்றர் கேன் ஐந்தை வாளியால் மொண்டு நிரப்பினேன். பாசி போகட்டும் என்று தொட்டியில் பாதித் தண்ணியை இறக்கிவிட்டு அந்த நூறு லீற்றரையும் ஒரே மூச்சில் ஊற்றினேன்.

இரவு பத்து மணிக்கு மகள்தான் கூப்பிட்டாள். "அப்பா, பாம்புக்கை மட்டும் தனியா நடக்குது." மணலில் ஒரு விரல் நீளத் துண்டு, பட்டை போட்ட துண்டு, முனை சுருண்டு விரிந்து சுருண்டு, எங்கேயோ போக நினைப்பது மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. உடம்பு அரை அடி தள்ளிக் கல்லோரம், ஐந்தில் மூன்று கையோடு. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இன்னொரு கை நடுவில் வெள்ளையாக ஒரு கோடு விட்டு, அந்த இடத்தில் கழன்றது. இரத்தம் இல்லை, சத்தம் இல்லை, ஒரு சங்கிலிக் கண்ணி விட்டுப்போன மாதிரி.

அப்போதுதான் லாச்சியிலிருந்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்துப் பார்த்தேன். தொட்டி 1.020. கேன் அடியில் இருந்த மிச்சம் 1.015.

பக்கத்து வீட்டு மாமா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். காலையில் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான். "மேலாலயா மொண்டனீ? மாரியில மேலால நல்ல தண்ணியெல்லோ ஓடும் தம்பி." நல்ல தண்ணி, அதாவது உப்பில்லாத தண்ணி, பாரமில்லாதது, உப்புத் தண்ணிக்கு மேலே படலமாக நிற்கும். சாம்பல்தீவுப் பக்கம் களப்புத் தண்ணி கடலில் இறங்குகிறது, அந்தப் பக்கம் கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிறது. தெளிவாக இருந்தது என்பதற்காக அது கடல் தண்ணி ஆகிவிடாது. இதைத் தெரிந்த மனிதர் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்க, நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் தன் உடம்புக்குள் இருக்கும் உப்பைத் தானே சரிப்படுத்திக்கொள்ளும், அதற்குச் சிறுநீரகம் உண்டு, செவுள் உண்டு. இந்த நட்சத்திரங்களுக்கு அந்த வசதி கிடையாது. வெளியே கடலில் எவ்வளவு உப்போ உள்ளேயும் அவ்வளவுதான். வெளியே சட்டென்று குறைந்தால் தண்ணி உள்ளே ஏறும், அது தாங்காது. கொழும்பிலிருந்து உப்பு மாவு எடுப்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நாளில் உப்பை ஏற்றினேன். மூன்றாம் நாள் காலை செர்பென்ட் ஸ்டாரின் நடுத்தோல் வெடித்து வெள்ளையாக இளகிக் கிடந்தது. உடனே எடுத்துவிட்டேன், அழுக விட்டால் மற்றதையும் கொண்டுபோகும். மகள் ஒரு கிழமை அந்தப் பக்கமே வரவில்லை.

கறுப்பன் ஒரு கையை இழந்து தப்பினான். அந்தக் கை திரும்ப வளர்ந்ததை வடிவாகப் பார்த்தேன். அடிக்கட்டை தடிப்பாகக் கறுப்பு, அது முடிகிற இடத்தில் திடீரென்று மெல்லிய சாம்பல் நிற நூல் மாதிரி ஒன்று, அதிலும் குட்டி முட்கள். ஏழெட்டு மாதம் எடுத்தது. 2022இல் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்களும் அதற்குள் வந்து போயின, பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றுதான் காப்பாற்றியது. இன்றும் இருக்கிறான்.

"அளக்காமல் ஊற்றியது உன் பிழை, கடைக்காரரை ஏன் இழுக்கிறாய்" என்றால், ஆம், என் பிழைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் "சுத்தம் செய்யும்" என்ற அந்தப் பேச்சு இல்லாவிட்டால் நான் அள்ளிப் போட்டிருக்க மாட்டேன், பாசி வந்திராது, பாதித் தண்ணி மாற்றவும் வேண்டியிருந்திராது. "கடல் பக்கத்தில் இருக்க உனக்குத் தொட்டி எதற்கு" என்பவர்களுக்கும் ஒன்று. என் மகளோடு இரவு பத்து மணிக்குக் கல்லுக்கடியில் இருப்பதைப் பார்க்க வேறு வழி எனக்கில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். திருகோணமலை என்று சொன்னதும் "புறாத்தீவில் அள்ளினதா?" என்று கேட்கிறார்கள். நிலாவெளிக் கரைக்கு எதிரே பவளம் சூழ்ந்த சின்னத் தீவு அது, 1963இலிருந்து சரணாலயம், 2003இலிருந்து தேசிய பூங்கா. அங்கிருந்து ஒரு செத்த பவளத் துண்டு கூட நான் எடுத்ததில்லை, என்னுடைய இரண்டும் கடையில் காசு கொடுத்து வாங்கியவை. நிலாவெளியிலிருந்து வள்ளம் வள்ளமாக வந்து, நீந்தத் தெரியாமல், களைத்ததும் உயிருள்ள பவளத்துக்கு மேல் ஏறி நிற்பவர்களை யாரும் கேட்பதில்லை. லைஃப் ஜாக்கெட்டோடு நாலு பேர் ஒரே பவளத்தில் நின்று படம் எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். மெல்லமாகச் சொன்னதற்கு, நீ யார் கேட்க என்றார்கள். கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்காமல் போகிறவர்களும் அப்படித்தான். அந்தக் கல்லுக்கடியில் நீங்கள் கேட்கிற இதே பிராணிதான் ஒளிந்திருக்கும், வெயிலில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் தொட்டிக்கு வருவோம். கறுப்போ பட்டை போட்டதோ ஒன்று போதும். கிழமைக்கு இரண்டு தடவை, விளக்கு அணைத்து அரை மணி கழித்து, நகத்தளவு இறால் அல்லது சூடை மீன் துண்டு, ஈர்க்கில் குத்திக் கை நுனிக்குப் பக்கத்தில் வையுங்கள். மணம் பிடித்துக் கை சுருண்டு வந்து பற்றி, அப்படியே வாய்க்குக் கொண்டுபோகும். கல்லை மணல் மேல் வைக்காமல் கண்ணாடி அடியில் ஊன்றி வையுங்கள், கீழே தோண்டினால் சரிந்து நசுக்கிவிடும். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்தை அந்தத் தொட்டியில் விடவே கூடாது, இது தாங்காது. லைவ் ராக்கோடு (சின்ன உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் கல்லோடு) வருகிற குட்டி வெள்ளை நட்சத்திரங்களைக் கண்டு பயப்பட வேண்டாம், ஒன்றும் செய்யாது, தொட்டியிலேயே குட்டி போட்டுப் பெருகும்.

வாங்கப் போகும் அன்று ரிஃப்ராக்டோமீட்டரைக் கையோடு கொண்டுபோய், பையில் கட்டுவதற்கு முன் கடைத் தொட்டியில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை. அங்கே 1.021, உங்கள் வீட்டில் 1.025 என்றால் பார்மசியில் சேலைன் ஏற்றும் குழாய் ஒன்று வாங்குங்கள். பையில் இருப்பதை அதே தண்ணியோடு வாளியில் விட்டு, தொட்டித் தண்ணியை அந்தக் குழாயால் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள், குழாயில் இருக்கும் சில்லை உருட்டினால் வேகம் உங்கள் கையில். நான் மூன்று மணி நேரம் விடுவேன். வாளியும் தொட்டியும் ஒரே அளவு காட்டிய பிறகு, தண்ணிக்குள்ளேயே ஒரு கோப்பையில் ஏந்தி, காற்றுப் படாமல் மாற்றுங்கள்.