எட்டுக் கலை

அன்புள்ள ஐயா,
வானியலாளர் கெப்ளரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கோள்களை அளந்து குறித்தவர் டைக்கோ பிராஹே. காரணம் சொன்னவர் நியூட்டன். நடுவில் கெப்ளர் செய்தது, வட்டத்தைக் கொஞ்சம் நசுக்கியதுதானே?
- ஒரு வாசகர், நங்கநல்லூர்

அன்புள்ள நண்பருக்கு,

எவ்வளவு கொஞ்சம் என்று பார்த்துவிடலாம். காம்பஸை எடுத்து 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். செவ்வாயின் பாதையை அதே அளவில் வரைந்தால், ஒரு திசையில் அரை மில்லிமீட்டர்கூடக் குறையாது. பென்சில் கோட்டின் தடிமனே அதை மறைத்துவிடும். தொலைநோக்கி இல்லாத காலத்துக் குறிப்புகளிலிருந்து கெப்ளர் கண்டுபிடித்தது அந்த நசுக்கலைத்தான்.

1601இல் டைக்கோ இறந்தபின் அவருடைய அந்தக் குறிப்புகள் கெப்ளர் கைக்கு வந்தன. வட்டத்தை வைத்து, குறைந்தது 70 தடவை திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டார். கடைசியில் கணக்குக்கும் டைக்கோ அளந்ததற்கும் நடுவே 8 கலை உதைத்தது. கலை என்பது கோண அளவு; ஒரு பாகைக்கு (டிகிரிக்கு) 60 கலை. முழுநிலவின் அகலம் சுமார் 30 கலை. அதில் கால்வாசிதான். பழங்கால வானியலாளர் தாலமியின் காலத்து அளவுகளை மட்டும் நம்பியிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே பட்டிருக்காது. ஆனால் டைக்கோ இவ்வளவு தவறமாட்டார் என்பதில் கெப்ளர் உறுதியாக இருந்தார். தன் கணக்கைத் தூக்கிப் போட்டார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். நீள்வட்டம் அப்புறம் வந்தது. புத்தகம் 1609இல் வெளியானது.

சரி, வேகத்துக்கு வருவோம். சூரியனை நெருங்கும்போது கோள் வேகமாகப் போகும், விலகும்போது மெதுவாகும் என்றார் கெப்ளர். உங்கள் வீட்டு தினசரி காலண்டரிலேயே இது இருக்கிறது. ஆனிக்கு 31 அல்லது 32 நாள். மார்கழிக்கு 29 அல்லது 30. சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம்தான் நம் மாதம்; ராசி எல்லாமே 30 பாகை. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனிடமிருந்து சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடியில். மயிலாப்பூர் மாட வீதியில் பஜனை ஆரம்பித்த சூட்டோடு மார்கழி ஓடிவிடுவது இதனால்தான்.

இந்த ஏற்ற இறக்கம் நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு வெகுகாலம் முன்பே தெரியும், அதற்கான திருத்தமும் வைத்திருந்தார்கள். ஓடுவது பூமி, அது நிஜமாகவே வேகம் மாறித்தான் ஓடுகிறது, மாற்றுவது சூரியன் என்று சேர்த்துச் சொன்னவர் கெப்ளர். காந்தம் போன்ற ஒரு விசை என்று நினைத்தார். அது தவறு. ஆனால் நியூட்டனுக்கு முன்பே காரணத்தைச் சூரியனிடம் தேடிப் போய்விட்டார்.

வருகிற ஆனியில் தாள் கிழிக்கும்போது 32ஆம் தேதி வருகிறதா என்று பாருங்கள்.