ஸ்டேஷனரி என்றால் அசையாததா?

கேள்வி: ஜியோஸ்டேஷனரி செயற்கைக்கோளைச் சென்ற இதழில் ‘நிலையாக நிற்பது’ என்று எழுதியிருந்தீர்கள். வினாடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் பறப்பது எப்படி ஸ்டேஷனரி ஆகும்? தாளும் பேனாவும் விற்கும் கடைக்கும் அதே பெயர் எதற்கு? – வாசகர், கும்பகோணம்.

பதில்: வேகக் கணக்கு சரி, சொல்லுக்குத் தாங்கள் கொண்ட பொருள்தான் தவறு. ஸ்டேஷனரி என்பது இடம்பெயராமல் இருக்கும் நிலையை மட்டுமே குறிக்கிறது. என்றென்றும் மாறாதது என்றோ, திருகி இறுக்கப்பட்டது என்றோ அது சொல்வதில்லை. அவற்றுக்கு பெர்மனென்ட், ஃபிக்ஸ்டு என்று வேறு சொற்கள் உள்ளன. சிவப்பு விளக்குக்காக நிற்கும் பேருந்து ஸ்டேஷனரிதான், பச்சை விழும் வரை.

இனி, எதை வைத்துப் பார்த்தால் இடம்பெயரவில்லை என்பதுதான் கேள்வி. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுத்துக்கொள்ளும் அதே 23 மணி 56 நிமிடத்தில், அதே திசையில் சுற்றிவருவதால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கோள் வானத்தில் ஒரே புள்ளியில் நிற்கிறது. டிடி ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பைச் சுமக்கும் ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் இருக்கிறது. மொட்டைமாடியில் தென்கிழக்கு பார்த்து ஒருமுறை முடுக்கிய டிஷ்ஷை யாரும் மணிக்கொருதரம் திருப்பிக்கொண்டிருப்பதில்லை. ஓடுவதெல்லாம் ஸ்டேஷனரி அல்ல என்று பிடிவாதம் பிடித்தால், நாற்காலியில் அமர்ந்து இக்கடிதத்தை எழுதிய தாங்களும், பூமியின் சுழற்சியால் வினாடிக்கு ஏறக்குறைய 450 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தீர்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடைக்கு வருவோம். இடைக்கால ஐரோப்பாவில், சரக்கைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலையாமல், ஓரிடத்தில் கடைபோட்டுப் புத்தகம் விற்றவரை லத்தீனில் ஸ்டேஷனாரியஸ் என்றார்கள். லண்டனில் இவர்களுடைய சங்கம் 1557-இல் அரச சாசனமே பெற்றது. விற்றவருக்கு வந்த பெயர் பின்னாளில் விற்ற பொருளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆகவே இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. உச்சரிப்பிலும் நம் காதுக்கு வேறுபாடு தெரியாது, எழுத்தில்தான் பிரிகின்றன. நிற்பதைக் குறிக்கும் பெயரடையில் கடைசி ‘ஆர்’ எழுத்துக்கு முன் ‘ஏ’ வரும். எழுதுபொருளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லில், என்வலப் என்பதன் முதலெழுத்தான ‘இ’ வரும். தங்கள் கடிதத்தில் அவை இரண்டும் இடம் மாறியிருந்தன.