காருக்குள் கசியும் கூலன்ட்: பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் ஹீட்டர் கோர் பற்றிய கேள்வி பதில்

காருக்குள் சூடான காற்று தருவதற்காக டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், சூடான நிலையில் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் வந்து இன்னொன்றின் வழியாகத் திரும்பும். அது ஓட்டையானால் என்ன செய்வது என்று மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பழைய ஜீப், சஃபாரி, ஸ்கார்பியோ வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

திருமங்கலத்திலிருந்து: என் பழைய சஃபாரியில் முன்பக்க இடது கால்மிதி எப்போதும் ஈரமாக இருக்கிறது. ஏசி தண்ணீர் என்கிறார் ஒரு மெக்கானிக், ஹீட்டர் கோர் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

முதலில் வெள்ளைத் துணியால் அந்த ஈரத்தை ஒற்றிப் பாருங்கள். ஏசியிலிருந்து வடிவது வெறும் தண்ணீர். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. கூலன்ட் என்றால் துணியில் பச்சையோ சிவப்போ படியும், விரலில் பிசுபிசுக்கும், இனிப்பான ஒரு வாடை வரும். நாக்கில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம். ஊதுகாற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பியதும் எண்ணெய் பூசியது போன்ற படலம் படிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுபவராக இருந்தால் இந்தச் சோதனை உதவாது. ஓரிரு நாள் கால்மிதியைக் காயவைத்து ஏசியே போடாமல் ஓட்டுங்கள். அப்போதும் நனைந்தால் ஹீட்டர் பக்கம்தான் கோளாறு. நனையவில்லை என்றால் ஏசியின் வடிகுழாயில் தூசி அடைத்திருக்கும். நம் ஊர் வெயிலில் ஏசி ஓயாமல் ஓடுவதால் இந்த அடைப்புதான் அடிக்கடி வருகிறது. சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும்.

டேஷ்போர்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இன்னொரு சோதனையைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு ரேடியேட்டர் வாயில் அழுத்தமானி உள்ள கைப் பம்பு பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்ற வேண்டும். முள் மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. பிறகு ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கவ்வியால் இறுக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இப்போது முள் நகராமல் நின்றால் குற்றவாளி ஹீட்டர் கோர். இந்தச் சோதனை செய்யாத ஒருவரிடம் டேஷ்போர்டை ஒப்படைக்காதீர்கள்.

மேலூரிலிருந்து: மதுரையில் ஹீட்டர் எதற்கு ஐயா? இரண்டு ஹோஸையும் அடைத்துவிட்டால் வேலை முடிந்ததே?

சமவெளியில் மட்டும் ஓடும் வண்டி என்றால் ஹீட்டரை விலக்கிவிட்டு ஓட்டலாம். ஆனால் அடைக்காதீர்கள், இணையுங்கள். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டர் பாதையை மூடிவைக்கும் வால்வு) மூடியிருக்கும்போது கூலன்ட் சுற்றிவருவதற்கு ஹீட்டர் பாதையும் ஒரு வழி. அதை அடைத்தால் எஞ்சினுக்குள் சில இடங்களில் மட்டும் சூடு ஏறும். எஞ்சின் பக்கத்திலேயே போன ஹோஸையும் வந்த ஹோஸையும் ஒரு உலோக இணைப்பால் சேர்த்து, இருபுறமும் நல்ல கிளாம்ப் போடுங்கள். பிளாஸ்டிக் இணைப்பு சூட்டில் நாளடைவில் நொறுங்கும்.

கொடைக்கானலுக்கோ போடிமெட்டுக்கோ ஏறுகிற வண்டி என்றால் ஹீட்டரை இழக்காதீர்கள். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையும் மூடுபனியும் சேரும்போது முன்கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும். வெப்பக்காற்று அதைச் சீக்கிரம் துடைத்துவிடும். இன்னொரு பயனும் உண்டு. மலையேற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேனை வேகமாக ஓடவிடுங்கள். எஞ்சின் சூட்டில் ஒரு பகுதி அந்தக் குட்டி ரேடியேட்டர் வழியாக வெளியேறும். வண்டியை ஓரம்கட்ட நல்ல இடம் வரும்வரை அது தாங்கும்.

உசிலம்பட்டியிலிருந்து: கசிவை அடைக்கும் பவுடரை ரேடியேட்டரில் போடலாமா?

வேண்டாம். ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. ஹீட்டர் கோரின் குழாய்கள் மிகக் குறுகலானவை, முதலில் அடைபடுவது அவைதான். அடுத்தது ரேடியேட்டர்.

அவனியாபுரத்திலிருந்து: ஊதுகாற்றில் இனிப்பு வாடை வருகிறது. தினமும் குழந்தையை அந்த வண்டியில்தான் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். ஆபத்தா?

சரிசெய்யும் வரை குழந்தையை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள் அம்மா. கூலன்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைகால். வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். ஓட்டை திடீரெனப் பெரிதானால் கொதிக்கும் கூலன்ட் நேராகக் காலடியில் கொட்டும், அதுதான் என் பெரிய கவலை. மேலே சொன்ன இணைப்பு வேலையை இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள், சிறிய வேலைதான். நனைந்த கால்மிதியைச் சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். வடித்தெடுத்த கூலன்டைத் தெருவில் ஊற்றவிடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், சிறிதளவே அவற்றைக் கொன்றுவிடும்.

வத்தலக்குண்டிலிருந்து: புதிய கோர் வாங்கிவிட்டேன். நானே மாற்ற நினைக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தாராளமாகச் செய்யுங்கள். இதற்குப் பெரிய வித்தை தேவையில்லை, பொறுமைதான் நிறைய வேண்டும். இரண்டு முழு நாட்களை ஒதுக்குங்கள்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியில் ஹீட்டர் கோரை மட்டும் பக்கவாட்டில் உருவ முடியுமா, அல்லது ஏசியின் கூலிங் காயிலோடு பெட்டியையே இறக்க வேண்டுமா? பெட்டியை இறக்க வேண்டும் என்றால் ஏசி மெக்கானிக்கிடம் போய், இயந்திரத்தில் கேஸை உறிஞ்சி எடுத்த பிறகே குழாயைத் தொடுங்கள். காற்றில் திறந்துவிடக் கூடாது. திறந்தால் அதன் உறைகுளிர் கையைப் புண்ணாக்கிவிடும், காற்றையும் கெடுக்கும்.

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். குளிர்ந்த எஞ்சினில் கூலன்டை வடியுங்கள். ஹோஸ் பல வருடச் சூட்டில் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். அதை முறுக்கி இழுக்காதீர்கள், பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். கழற்றுவது பழைய கோர்தானே என்று அலட்சியம் வேண்டாம். அங்கே முறுக்கினால் ஃபயர்வாலில் (எஞ்சினையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் தகட்டில்) இருக்கும் ரப்பரும் பக்கத்து வால்வும் சேர்ந்து உடையும். ஹோஸ் இரண்டையும் எப்படியும் புதிதாகப் போட வேண்டும்.

டேஷ்போர்டைக் கழற்றும்போது ஒவ்வொரு வயர் இணைப்பையும் பிரிப்பதற்கு முன் கைபேசியில் படம் எடுங்கள். திருகுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். நீளத் திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் முடுக்கினால் பின்னால் போகும் வயரைத் துளைத்துவிடும். ஆகவே பகுதிவாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதிவையுங்கள்.

பழைய கோரைச் சுற்றி ஒட்டியிருந்த ஃபோம் பட்டையைப் புதியதிலும் ஒட்டுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டை இல்லாவிட்டால் காற்று கோருக்குள் நுழையாமல் ஓரமாகத் தப்பிவிடும், கடகடவென்று சத்தமும் வரும்.

டேஷ்போர்டைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பே ஹோஸ்களை இணைத்து, கூலன்ட் ஊற்றி, அழுத்தச் சோதனை செய்து, எஞ்சினைச் சூடேறவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சொட்டுக்கூட இல்லை என்று கண்ணால் கண்ட பிறகு மூடுங்கள். மாலையாகிவிட்டது என்று இந்தப் படியைத் தாண்டினால் முழு வேலையையும் இன்னொரு முறை செய்ய நேரும்.

போடியிலிருந்து: எஸ்டேட் ஜீப்பில் இருப்பது செம்புக் கோர். பற்றவைக்கலாமா?

செம்பு, பித்தளை என்றால் ரேடியேட்டர் பட்டறையில் ஈயப் பற்று வைக்கலாம். குழாய் வந்து சேரும் மூட்டில் கசிந்தால் அது பல வருடம் உழைக்கும். நடுவில் இருக்கும் மெல்லிய குழாய்கள் அரித்து ஓட்டையாகியிருந்தால் ஒன்றை அடைத்ததும் அடுத்தது திறக்கும், மாற்றிவிடுங்கள். அலுமினியக் கோரைப் பற்றவைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அலங்காநல்லூரிலிருந்து: போன வருடம்தான் புதிது போட்டேன். மறுபடியும் கசிகிறது. பொருள் போலியா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள்? நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தைப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் கோரின் குழாய்களிலும் படிகிறது. தண்ணீரில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தை அரித்துத் துளையிடும். பழைய உப்பும் துருவும் எஞ்சினுக்குள்ளேயே இருக்க, கோரை மட்டும் புதிதாக மாற்றுவது வீண் செலவு. முதலில் எஞ்சினையும் ரேடியேட்டரையும் தெளிந்த நீர் வரும்வரை எதிர்த்திசையில் அலச வேண்டும். பிறகு கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சம அளவில் கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே விற்பதை வாங்குங்கள். நிறத்தை நம்பாமல் வண்டிக் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். சாதாரணப் பச்சைக் கூலன்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வழியில் குறைந்தால் ஊற்றுவதற்கு ஒரு பாட்டில் வண்டியிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது சந்தேகம், எர்த் வயர். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் இணைப்பு துருப்பிடித்தால் மின்சாரம் கூலன்ட் வழியாக வழி தேடும், உலோகத்தை அரிக்கும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும், சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்டிலும் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கு, ஃபேன் எல்லாம் போட்டுப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

ஹீட்டர் லீவரை வருடக்கணக்கில் தொடாமல் வைப்பதும் கெடுதல். ஹீட்டருக்குப் போகும் கூலன்டை நிறுத்தும் வால்வு உள்ள வண்டிகளில் கோருக்குள் கூலன்ட் தேங்கி நின்று கசடு படிகிறது. மாதம் ஒருமுறை, விடியற்காலையில் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: கோர் மாற்றியாகிவிட்டது. ஆனால் டேஷ்போர்டுக்குள் தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம் கேட்கிறது, காற்றும் சூடாகவில்லை. அடுத்த வாரம் கொடைக்கானல் போக வேண்டும்.

உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டர் லீவரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதையும் தளர்த்துங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை குமிழி வந்துகொண்டே இருக்கும், மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்றதும் மூடுங்கள். ஹீட்டரின் இரண்டு ஹோஸும் சூடாக இருந்தால் சுற்றோட்டம் சரி. நெடுநேரமாகியும் குமிழி ஓயவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகட்டை) சோதிக்க வேண்டும், அப்படியே மலையேறாதீர்கள். ஓய்ந்துவிட்டால் மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தை ஒருமுறை பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள். வத்தலக்குண்டு வரை ஓட்டி, அங்கே நிறுத்திக் கால்மிதியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மலை ஏறுங்கள்.