லிமெரிக் வந்த தங்கைக்கு: செஷனில் போய் உட்காரலாமா?

வேலைக்காக அயர்லாந்தின் லிமெரிக் வந்து சில மாதங்கள் ஆகின்றன, ஊரில் பல வருடம் கர்நாடக வயலின் கற்றேன், இங்கே ஒரு பப் மூலையில் சிலர் வட்டமாக உட்கார்ந்து ஐரிஷ் இசை வாசிப்பதைப் பார்த்தேன், நானும் சேர்ந்து வாசிக்கலாமா, குடிக்காத பெண் தனியாகப் போய் உட்கார்ந்தால் ஒரு மாதிரி பார்ப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். அப்படிக் கூடி வாசிப்பதைத்தான் இங்கே செஷன் என்பார்கள். தாராளமாகப் போகலாம், தங்கச்சி. நான் என்னிஸில் இருக்கிறேன், உங்களிடமிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த உறவுகளில் பாதிக்கு மேல் அந்த வட்டத்தில் கிடைத்தவைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குடி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், நம் பெண்கள் பலரும் அங்கேதான் தயங்கி நின்றுவிடுகிறார்கள். இங்கே பப் என்பது நம் ஊர் டாஸ்மாக் பார் இல்லை. தாத்தா பாட்டி, குடும்பம், வேலை முடித்து வந்தவர்கள் என்று எல்லோரும் வந்து பேசிவிட்டுப் போகும் இடம். 2004 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை. டீ கேட்டால் தயங்காமல் டீ போட்டுத் தருவார்கள். வாசிப்பவர்களிலேயே இரவு முழுக்க டீயும் சோடாவுமாக இருப்பவர்கள் பலர் உண்டு, ஏன் குடிக்கவில்லை என்று யாரும் நச்சரிப்பதில்லை. ஒன்று மட்டும், ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு உட்காருங்கள், அது கடைக்காரருக்குச் செய்யும் மரியாதை. பின்னால் பிள்ளைகளோடு போக நேர்ந்தால், 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் இரவு 9 மணிக்கு மேல் இருக்கக் கூடாது, மே முதல் செப்டம்பர் வரை 10 மணி.

அடுத்தது, வெளிநாட்டுக்காரிக்கு அங்கே இடம் உண்டா என்ற உங்கள் கேள்வி. இதற்குப் பதில் அந்தச் செஷனின் கதையிலேயே இருக்கிறது. பப்பில் கூடி வாசிப்பது ஆதி காலத்து வழக்கம் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. முன்பு இந்த இசை வீடுகளின் அடுப்படியில், ஊர் நடனங்களில், ஆட்டத்துக்காக வாசிக்கப்பட்டது. 1935-ல் பொது நடனக்கூடச் சட்டம் வந்து உரிமம் இல்லாமல் நடனம் நடத்தக் கூடாது என்று சொன்னது, அதைக் காட்டி வீட்டு நடனங்களையும் நெருக்கினார்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக லண்டனுக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள், வாடகை அறையில் வாசிக்க இடம் ஏது, கேம்டன், கென்டிஷ் டவுன் பக்கத்துப் பப்களில் கூடி வாசித்தார்கள். இன்று நாம் பார்க்கும் பப் செஷன் பெரிதும் அங்கே உருவாகித்தான் அயர்லாந்துக்குத் திரும்பி வந்தது. பிழைக்கப் போன இடத்தில் தனியாகிப் போனவர்கள் தங்களுக்காக உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு இது. இங்குள்ள பெரியவர்கள் பலருக்கு அது நன்றாகத் தெரியும், அண்ணனோ அத்தையோ அப்படிப் போனவர்களாக இருப்பார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள், வீட்டில் யார் யார் என்று கேட்பார்கள், அதற்கடுத்த கேள்வி என்ன வாத்தியம் வாசிப்பாய் என்பதுதான்.

ஆனால் முதல் நாளே வயலின் பெட்டியைத் திறக்காதீர்கள். நாலைந்து வாரம் சும்மா போய்க் கேளுங்கள். வட்டத்தில் காலியாக இருக்கும் நாற்காலி யாரோ வழக்கமாக உட்காரும் நாற்காலியாக இருக்கும், அதில் உட்காராமல் பக்கத்து மேசையில் உட்காருங்கள். பெரும்பாலும் செஷனைத் தாங்குபவர்கள் என்று ஒருவரோ இருவரோ இருப்பார்கள், கடைக்காரர் அவர்களுக்கு மட்டும் பணம் கொடுப்பார், மற்றவர்கள் ஆசைக்காக வருபவர்கள். இடைவேளையில் அந்த ஒருவரிடம் போய், எனக்கு வயலின் தெரியும், உங்கள் ட்யூன்களைக் கற்றுக்கொண்டிருக்கிறேன், அடுத்த வாரம் எடுத்து வரலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முகம் மலர்ந்துவிடும். எங்காவது முகம் திருப்பினால் மனதில் வைத்துக்கொள்ளாமல் அடுத்த பப்புக்குப் போங்கள். சில வட்டங்கள் பழகியவர்களுக்கு மட்டும் என்றே நடக்கும், அது உங்கள் நிறத்தாலோ வாசிப்பாலோ இல்லை.

தெரியாத ட்யூன் போகும்போது மெல்ல மெல்லச் சுரம் தேடிக்கொண்டே கூட வாசிப்பதுதான் அங்கே பெரிய குற்றம். நம் பக்கவாத்தியப் பழக்கத்தில் பாடகரின் பின்னால் நிழலாகத் தொடர்ந்து போகிறோம் அல்லவா, அந்தக் கை தானாக எழும், கட்டி வையுங்கள். தெரிந்தால் வாசிக்க வேண்டும், தெரியாவிட்டால் வில்லை மடியில் வைத்துக் கேட்க வேண்டும். போனில் பதிவு செய்ய வேண்டுமென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அனேகமாகச் சரி என்பார்கள், ட்யூனின் பெயர் கேட்டால் வாசித்தவருக்கே தெரியாமலும் இருக்கும். யாராவது பாட ஆரம்பித்தால் கடை முழுக்கச் சத்தம் அடங்க வேண்டும், அப்போது நாற்காலியைக் கூட நகர்த்தாதீர்கள்.

நோட்ஸ் வேண்டுமா என்றீர்கள். வேண்டாம், இங்கே யாரும் தாள் வைத்து வாசிப்பதில்லை, காதால் பிடிப்பதுதான் வழக்கம், கேள்வி ஞானத்தில் வளர்ந்த உங்களுக்கு இது பாதிக் கிணறு தாண்டியது போல. ட்யூன் ஒவ்வொன்றும் சின்னது. பெரும்பாலும் இரண்டு பகுதி, ஒவ்வொரு பகுதியும் 8 பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு), இரண்டிரண்டு முறை, ஆக 32 பார். முழு ட்யூனை இரண்டு மூன்று தடவை சுற்றிவிட்டு நிறுத்தாமல் அடுத்த ட்யூனுக்குத் தாவுவார்கள், இப்படி இரண்டு மூன்று சேர்ந்தால் ஒரு செட். ஜிக் என்பது இரண்டு அடி திஸ்ர நடை (அடிக்கு மூன்று), ஸ்லிப் ஜிக் மூன்று அடி திஸ்ரம், ரீல் சதுஸ்ரத்தில், நாலு நாலாக ஓடும். எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள், கிட்டாரும் அது மாதிரியான பஸூக்கியும் மட்டும் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது) போடும். மிக்ஸோலிடியன் என்று யாராவது சொன்னால் ஹரிகாம்போஜி என்று எடுத்துக்கொள்ளுங்கள், டோரியன் என்றால் கரஹரப்ரியா, மேஜர் நம் சங்கராபரணம். இலன் பைப்ஸ் என்ற ஐரிஷ் பை வாத்தியம் வாசிப்பவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அருகில் போய்க் கேளுங்கள், முழங்கையால் துருத்தியை அமுக்கிக்கொண்டே அடியில் சுருதி விடாமல் ஓடும், தம்பூராவைப் பிரிந்து இருக்கும் காதுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே புரியும். 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த வாத்தியம்.

இனி வயலின். உங்களுடையது ச-ப-ச-ப சுருதியில் இருக்கும், இங்கே ஜி-டி-ஏ-இ. இருக்கிற கம்பிகளையே முறுக்கி ஏற்றினால் அறுந்துபோகலாம், கடையில் ஒரு புதுச் செட் வாங்கி மாட்டுங்கள். இதில் கவனிக்க வேண்டியது நடுவில்தான் இருக்கிறது. நமக்கு பஞ்சமக் கம்பிக்கும் அடுத்த ஷட்ஜக் கம்பிக்கும் இடையே நாலு சுர தூரம், இவர்களுக்கு எல்லாக் கம்பிகளுக்கும் இடையே ஒரே அஞ்சு சுர தூரம். நடுவில் இருக்கும் இரண்டு கம்பிகளுக்கிடையே தாண்டும்போது விரல் பழைய வழியில் போகப் பார்க்கும், அது மாறக் கொஞ்ச காலம் பிடிக்கும். தரையில் சம்மணமிட்டுக் காலில் தாங்கி வாசிக்கவும் அங்கே இடமில்லை, நாற்காலியில் உட்கார்ந்து தாடையிலோ தோளிலோ தாங்க வேண்டும். கிராமத்துப் பழைய வாசிப்பாளர்கள் நெஞ்சில் வைத்தும் வாசிப்பார்கள், உங்களுக்கு எது சௌகரியமோ அது. இப்படிப் பிடித்தால் இடது கை நம் மாதிரி எளிதாக மேலும் கீழும் வழுக்கிப் போக முடியாது, ஆனால் இந்த இசைக்கு அது தேவையும் இல்லை, கிட்டத்தட்ட எல்லாமே கை நகராமல் முதல் இடத்திலேயே முடிந்துவிடும்.

கமகத்தை என்ன செய்வது? இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. ஆட்டத்துக்காகப் பிறந்த இசைக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும், சுரத்தை அசைத்து அசைத்து வாசித்தால் அந்த இடம் கரைந்துவிடும். அவர்களுக்கென்று அலங்காரம் இருக்கிறது. ரோல் என்பார்கள், ஒரு சுரம், மேலே ஒரு தொடல், மறுபடி அதே சுரம், கீழே ஒரு தட்டல், மறுபடி அதே சுரம், எல்லாம் மூன்று சின்ன மாத்திரைக்குள். அதை அவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். நம்முடையதையும் அவர்களுடையதையும் கலந்து புதிதாக ஏதோ செய்கிறேன் என்று தொடக்கத்திலேயே இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டும் அரைகுறையாக நிற்கும். ரீல் வாசிக்கும்போது ரீல்தான். ஆனால் ஒரு நாள் அவர்களே உங்கள் ஊர் இசை ஒன்று வாசியுங்கள் என்பார்கள், அன்று எதையும் குறைக்காதீர்கள், கமகத்தோடு, நிதானத்தோடு முழுதாக வாசியுங்கள். நான் மோகன ராகம் எடுத்தேன். கன்சர்ட்டினா (கையில் பிடிக்கும் சின்னத் துருத்தி வாத்தியம்) வைத்திருந்த பெரியவர் கேட்காமலேயே ஷட்ஜத்தை மெல்லப் பிடித்து நிறுத்தினார், தனிப் பாட்டுக்கு அடங்குகிற மாதிரி கடையே அடங்கியது. அடுத்த வாரம் முதல் எனக்கும் அந்த வட்டத்தில் ஒரு நாற்காலி வைத்தார்கள்.

எங்கே தொடங்குவது? கோல்டஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, 1951-ல் முல்லிங்கரில் தொடங்கியது, நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. வகுப்பும் உண்டு, பல கிளைகளில் மெதுவாக வாசிக்கும் செஷனும் நடக்கும், முதலில் அங்கே போவதுதான் நல்லது. லிமெரிக் பல்கலைக்கழகத்திலேயே ஐரிஷ் இசைக்கும் நடனத்துக்கும் தனி அகாடமி இருக்கிறது, அங்கே நடக்கும் கச்சேரி அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், பல நாட்டு மாணவர்கள் இருப்பதால் பேசிப் பழகுவதும் எளிது. கற்க முதலில் கெஷ் ஜிக், அப்புறம் கூலீஸ் ரீல், இரண்டும் எந்தச் செஷனிலும் தெரிந்திருக்கும். இரவுச் செஷன் பல இடங்களில் ஒன்பதரைக்குத்தான் தொடங்கும், வேறு ஊருக்குப் போனால் திரும்பும் கடைசி ரயில் போய்விடும், அதனால் நீங்கள் ஞாயிறு மதியம் நடப்பவையாகத் தேடுங்கள்.

வருகிற ஜூலையில் விடுப்பு கிடைத்தால் மில்டவுன் மால்பேக்கு வாருங்கள். கிளேர் மாவட்டத்தின் கடற்கரை ஓரச் சிற்றூர், 1973 முதல் அங்கே வில்லி கிளான்சி கோடைப் பள்ளி நடக்கிறது, ஒரு வாரம், காலையில் வகுப்பு, மற்ற நேரம் முழுக்கத் தெரு தெருவாகச் செஷன். ஃபிடில் (வயலினை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வகுப்பில் உங்கள் அளவுக்கு ஏற்ற குழுவில் போடுவார்கள். தங்க இடம் மட்டும் கடைசி நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது, இப்போதே பாருங்கள். ஒன்றும் அமையவில்லை என்றால் சொல்லுங்கள், என் வீட்டில் ஓர் அறை இருக்கிறது, காலையில் காரில் சேர்ந்தே போய்விடலாம்.