விளக்கு எரிகிறது, கணினிக்குத் தெரியவில்லை: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: மைக்ரோ யுஎஸ்பி வைத்த ஈஎஸ்பி32 போர்டு (கணினியிலிருந்து புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன மின்னணு போர்டு). போன வாரம் வரை நன்றாக ஓடியது. இப்போது செருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது, கணினியில் காம் போர்ட் (போர்டோடு பேசும் இணைப்பு) வரவே இல்லை. போர்டு போய்விட்டது என்கிறார்கள் நண்பர்கள். வேறு வாங்கட்டுமா?
— பாலிடெக்னிக் மாணவர், மதுரை

பதில்: வாங்காதீர்கள் தம்பி. முதலில் கேபிளை மாற்றுங்கள். போன வாரம் செருகியது இதே கேபிள்தானா என்று யோசித்துப் பாருங்கள். விளக்கு எரிகிறது, செருகும்போது கணினி சத்தமே போடவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான்.

சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த கேபிளில் பின்னவை இரண்டும் கிடையாது. போர்டுக்குக் கரண்ட் போகும், பேச்சு போகாது. அப்படி ஒன்று செய்து விற்பதில் தவறில்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் அநியாயம். 'டேட்டா, சார்ஜிங் இரண்டுக்கும்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்ட கேபிள் ஒன்றை நானும் வாங்கினேன். வெளியே தடித்த நைலான் பின்னல், பார்க்க உறுதியாக இருந்தது. தகவல் எதுவும் போகாததால் வெட்டி உரித்துப் பார்த்தேன். முடி மாதிரி இரண்டு கம்பிகள், சுற்றிலும் வெள்ளை நூல் அடைத்திருந்தது. அட்டையில் பொய்யை அச்சடித்திருக்கிறார்கள். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நூறு ரூபாய் பொருளுக்கு யார் புகார் கொடுக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான் அவர்களுக்கு. இதனால் எத்தனை மாணவர்கள் நல்ல போர்டைக் குப்பையில் போட்டிருப்பார்கள்!

கடையிலேயே சோதிக்கலாம். அந்தக் கேபிளால் உங்கள் போனை அங்குள்ள கணினியில் இணையுங்கள். கோப்புகளை மாற்றும் வசதி திரையில் வந்தால் வாங்குங்கள், வராவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

கேபிள் சரியாக இருந்து, கணினி சத்தம் போட்டு, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (இணைத்த கருவிகளின் பட்டியல்) மஞ்சள் குறி தெரிந்தால் டிரைவர், அதாவது கருவியோடு கணினி பேச உதவும் மென்பொருள், இல்லை என்று அர்த்தம். யுஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில், கணினியோடு பேச வைத்திருக்கும் சிப்பின் பெயரைப் படியுங்கள். சிபி2102 என்றால் சிலிக்கான் லேப்ஸ் தளம், சிஎச்340 என்றால் டபிள்யூசிஎச் தளம். வேறெங்கும் டிரைவர் தேட வேண்டாம்.

கேள்வி: ஆர்டுயினோ யூனோ போர்டின் 5வி பின்னில் 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்தேன். லேசாகப் புகை வந்தது. அதிலிருந்து கணினிக்குத் தெரியவில்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.
— திருப்பூர்

பதில்: மறுப்பது நியாயம்தான். வட்ட ஜாக்கில் கொடுத்திருந்தால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் தாங்கியிருக்கும். 5வி பின்னில் கொடுத்தால் நேராக சிப்புகளுக்குப் போய்விடும். அந்த போர்டை இனி லேப்டாப்பில் செருகாதீர்கள், அதன் யுஎஸ்பியும் போய்விடும்.

கேள்வி: சிஎச்340 சிப் உள்ள ஆர்டுயினோ நானோ போர்டு. விண்டோஸில் ஓடுகிறது. உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) போட்ட பிறகு செருகினால் ஒரு நொடி தெரிந்து மறைந்துவிடுகிறது. இணையத்தில் விற்றவர் 'எங்கள் பொருளில் குறை இல்லை' என்கிறார்.
— கோயம்புத்தூர்

பதில்: அவர் சொல்வது உண்மை. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் காட்சிக் கருவிக்காக உபுண்டுவில் பிஆர்எல்டிடிஒய் என்றொரு மென்பொருள் இருக்கிறது. சில பிரெயில் கருவிகளிலும் இதே சிப்தான். அதனால் உங்கள் போர்டையும் பிரெயில் கருவி என்று நினைத்து அது பிடித்துக்கொள்கிறது. வீட்டில் யாருக்கும் அந்தக் கருவி தேவையில்லை என்றால் மென்பொருளை நீக்குங்கள். அப்புறம், உங்கள் பயனர் கணக்கு டயல்அவுட் குழுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் போர்ட் தெரியும், அனுமதி கிடைக்காது.

கேள்வி: மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக 'ஒரிஜினல் இத்தாலி யூனோ' என்று 2,300 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். வீட்டுக் கணினிக்கு முதல் நாளே தெரியவில்லை. இது சிஎச்340 போட்ட நகல் என்று பள்ளி ஆசிரியர் சொல்கிறார். கடையில் கேட்டால், விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். பிள்ளை அழுகிறாள்.
— ஒரு தாய், சேலம்

பதில்: அம்மா, பில்லைப் பத்திரமாக வையுங்கள். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

நகல் போர்டு விற்பது குற்றமில்லை. ஆர்டுயினோவின் வடிவமைப்பு திறந்த மூலம், யாரும் அதைப் பார்த்து போர்டு செய்யலாம். ஆனால் ஆர்டுயினோ பெயரையே போட்டு, ஒரிஜினல் என்று சொல்லி, அதற்குரிய விலையையும் வாங்குவது மோசடி. அசல் யூனோ ஆர்3-ல் கணினியோடு பேசுவது ஏடிமெகா16யு2 சிப். ஆதாரம் எடுப்பதும் எளிது. ஆசிரியரின் கணினியில் போர்டைச் செருகி, டிவைஸ் மேனேஜரில் அதன் ஹார்டுவேர் ஐடியைப் பார்க்கச் சொல்லுங்கள். அசலுக்கு விஐடி (தயாரிப்பாளரின் எண்) 2341 என்று வரும். 1ஏ86 என்று வந்தால் அது சிஎச்340, சந்தேகமே வேண்டாம். திரையைப் படமெடுத்து வையுங்கள்.

அந்த அச்சிட்ட வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில்லில் கால வரம்பு இல்லையென்றால் 30 நாள். தேதி தவறாமல் இன்றே கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அப்புறமும் நடக்கவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

கண்காட்சி நெருங்கிவிட்டதால் ஒன்று சொல்கிறேன். சிஎச்340 டிரைவரைப் போட்டால் அந்த போர்டு ஓட நிறைய வாய்ப்பு இருக்கிறது. பிள்ளை வேலையை முடிக்கட்டும். ஓடினாலும் புகாரை விடாதீர்கள், பணம் அசலுக்கு வாங்கியது.

கேள்வி: யுஎஸ்பி-சீரியல் கேபிள். விண்டோஸ் 11-க்கு மாறியதும், 'பிஎல்2303 எச்எக்ஸ்ஏ 2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும்' என்று வருகிறது.
— திருச்சி

பதில்: கேபிளுக்குள் இருக்கும் பிஎல்2303 சிப் பழையதாகவோ போலியாகவோ இருக்கும். டிரைவரே அதை ஏற்க மறுக்கிறது. பழைய டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஓடும், விண்டோஸ் அப்டேட் வந்து மறுபடி மாற்றும்வரை. டிரைவரை வைத்து இப்படி முடக்கும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. 2014-ல், இதே மாதிரி சிப் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே போனது. விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர், போலி சிப்புகளின் அடையாள எண்ணை 0000 என்று திருத்தி எழுதிவிட்டது. அதுவரை ஓடிய போர்டுகள் கணினிக்குத் தெரியாமல் போயின. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார்கள். போலி செய்தவனை விட்டுவிட்டு, தெரியாமல் வாங்கியவரைத் தண்டிப்பது என்ன நியாயம்?

கேள்வி: நான்கு மாதம் முன்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவரிடம் பத்து டைப்-சி போர்டு வாங்கினேன். பில் இல்லை. இப்போதுதான் பிரித்தேன். லேப்டாப்பின் டைப்-சி கேபிளில் விளக்குகூட எரியவில்லை. பணம் கிடைக்குமா?
— சென்னை

பதில்: கஷ்டம். பில் கேட்கவில்லை, நான்கு மாதம் பிரித்தும் பார்க்கவில்லை; எதை வைத்துப் புகார் எழுதுவது? ஆனால் போர்டுகள் நல்லவையாகவே இருக்கலாம். மலிவு போர்டுகளில் டைப்-சி வாய்க்கு வேண்டிய இரண்டு 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்களை விட்டுவிடுவார்கள். அவை இல்லாவிட்டால் இருபக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் கரண்டே வராது. ஒரு பக்கம் பழைய டைப்-ஏ உள்ள டேட்டா கேபிளால் பத்தையும் இன்றைக்கே செருகிப் பாருங்கள்.

கேள்வி: ஈஎஸ்பி32. போர்ட் தெரிகிறது, ஆனால் புரோகிராம் ஏற்றும்போது 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாக ஓடி நின்றுவிடுகிறது.
— ஈரோடு

பதில்: புள்ளிகள் ஓடும்போது பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஏற ஆரம்பித்ததும் விடலாம்.