கேள்வி பதில்: இரண்டு வலிப்பும் ஒருத்திக்கே வருமா?

கேள்வி: என் பேத்திக்கு வயது 21. ஒன்பது வயதிலிருந்து வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாள். நான்கு வருடமாக ஒன்றும் இல்லை. ஆவணியில் பெண் பார்த்துப் போனதிலிருந்து மறுபடி வருகிறது. முன்னே கண் செருகி, உடம்பு விறைத்து, நாக்கு ஓரத்தைக் கடித்துக்கொள்வாள். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். இப்போது கண்ணை இறுக்க மூடித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறாள், கால் மணி நேரம். மதுரையில் மூன்று நாள் படுக்கவைத்து வீடியோ இ.இ.ஜி. (வலிப்பை வீடியோ எடுத்துக்கொண்டே மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதியும் சோதனை) எடுத்து, 'இது மூளை வலிப்பு இல்லை' என்றார்கள். வளவில் எல்லோரும் 'நடிக்கிறாள்' என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– ஓர் அப்பத்தா, பள்ளத்தூர்

பதில்: நிறுத்தாதீர்கள், ஆச்சி. மதுரையில் பதிவானது புதிதாக வருகிறதே, அது. பழைய வலிப்பு போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இந்த இரண்டாவது வகை வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்காவது உண்மையான காக்காய் வலிப்பும் இருக்கும். மாத்திரையைச் சட்டென்று விட்டால் அது பலமாகத் திரும்பிவிடலாம். குறைப்பதா வேண்டாமா என்பதை நரம்பியல் டாக்டர் சொல்லட்டும்.

காக்காய் வலிப்பில் மூளை நரம்புகள் ஒரே நேரத்தில் தாறுமாறாக மின்சாரத்தைக் கொட்டும், இ.இ.ஜி.யில் அது பெரும்பாலும் தெரியும். மற்றதில் உடம்பு உதறும்போதும் அந்தக் கோடுகள் சாதாரணமாகவே ஓடும். ஆனாலும் அவளாக வரவழைப்பது இல்லை, நினைத்தால் நிறுத்தவும் முடியாது. வலிப்பு மாத்திரை இதற்குக் கேட்காது; மனநல நிபுணரிடம் வாரா வாரம் உட்கார்ந்து பேசிப் பழகும் சிகிச்சை கேட்கும். கண் மூடியிருக்கிறதே என்று மட்டும் பார்த்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள். ஒவ்வொரு முறையும் போனில் வீடியோ எடுத்து, தேதியும் நேரமும் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கையில் சாவி கொடுக்கிறீர்களா? தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பெட்டகச் சாவி ஒரு சாண் நீளம், தெருவில் யாருக்கு வலிப்பு வந்தாலும் அதைக் கேட்டு வருவார்கள். தானாக அடங்கும் வலிப்புக்குச் சாவி பேர் வாங்கிக்கொண்டது! பழைய மாதிரி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. புது மாதிரி என்றால் கூட்டத்தை விலக்கி, பக்கத்தில் அமைதியாக உட்காருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் மதுரை ரிப்போர்ட்டை முதலில் நீட்டுங்கள். இல்லாவிட்டால் அடங்கவில்லையே என்று ஊசிக்கு மேல் ஊசி போட்டு, மூச்சே திணறிப்போகலாம்.

அப்புறம், அந்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேத்தி என்ன சொல்கிறாள்? காரணம் அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு எழுதிய நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஆச்சி.